கிரான் பிள்ளைக்கு ஒரு கடல்மீன்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறாவூர், வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி என்று ஊர்களைக் கடந்து வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கிரான் வந்துவிடும். வழி நெடுகக் கடல் வலக்கைப் பக்கம் சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. பேருந்து யன்னலில் அது ஒரு தடவைகூடத் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் வயலும் மாடும் தென்னையும், இடக்கைப் பக்கம் வாவியின் வடக்கு வாலும்தான். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவின் தலைமை ஊரான கிரான், நெல்லையும் மாட்டையும் நம்பி வாழும் நாட்டின் வாசல். மேற்கே பாலத்தைக் கடந்தால் புலிபாய்ந்தகல், அதற்கும் அப்பால் குடும்பிமலை. மாரி பலத்தால் அந்த வீதி வெள்ளத்துக்குள் போய்விடும், ஆட்கள் படகில் அக்கரைக்குப் போவார்கள். இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு வாய்க்கால் மீனும் குளத்து மீனும் பழக்கம். விரால் எங்கே பதுங்கும், திலாப்பியா எதைக் கொத்தும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கடல்மீன் மட்டும் மோட்டார் சைக்கிள் பெட்டியில், ஐஸோடு, உயிரில்லாமல் வந்து சேர்கிறது. கல்குடாவும் பாசிக்குடாவும் பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தும், கடல் அந்தப் பிள்ளைக்கு அயலூராகவே இருக்கிறது.

அப்படியொரு பிள்ளை கரையில் நின்று தன் கையால் முதல் கடல்மீனைப் பிடிக்க வேண்டுமானால், கூடப் போகும் பெரியவர் என்ன செய்ய வேண்டும்? வழக்கமாக நடப்பது தெரிந்ததே. நல்ல கோலொன்று வாங்கிக் கொடுப்பார். தானே எறிவார். மீன் இழுத்ததும் பிள்ளையின் கைக்கு மேல் தன் கையை வைத்துச் சேர்ந்து இழுப்பார். படம் எடுப்பார். அந்த மீனைப் பிடித்தவர் யாரென்று பிள்ளைக்கு உள்ளுக்குள் தெரியும். இந்தக் கட்டுரையின் வாதம் இதற்கு நேர் எதிரானது: பெரியவர் செய்யக்கூடிய உதவி அநேகமாக முழுவதும் தூண்டில் தண்ணீரில் விழுமுன்பே செய்து முடிக்க வேண்டிய ஒன்று. எந்தக் கரை, எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு சிறிய தூண்டில் என்ற தெரிவுகளில் பெரியவரின் அறிவெல்லாம் செலவாகிவிட வேண்டும். அதன் பிறகு நூல் பிள்ளையிடம் இருக்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கக் கிரானைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆறும் களப்பும் கடலும் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தூரத்துக்குள் இங்கே கிடக்கின்றன. தண்ணீரைத் தெரிவதில் ஒருவர் சரியாகவும் பிழையாகவும் நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

முதலில் ஊருக்கு மிகக் கிட்டிய தண்ணீர். கிரானுக்கு மேற்கே முந்தனை ஆற்றின் நீர் பரந்து வாவியோடு சேர்கிறது. நிழல் இருக்கிறது, மீன் இருக்கிறது, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இருந்தும் பிள்ளையின் முதல் தூண்டிலுக்கு இது கரை இல்லை. மட்டக்களப்பு வாவியிலும் அதில் விழும் ஆறுகளிலும் முதலைகள் வாழ்கின்றன. புல்லும் கண்ணாவும் அடர்ந்த, கலங்கிய, ஆழம் தெரியாத விளிம்புதான் அவற்றுக்கு வாய்ப்பான இடம். தூண்டில்காரரும் அதே விளிம்பைத்தான் விரும்புவார். பெரியவர்கள் அங்கே பழகிய கண்ணோடு நிற்கலாம்; மிதப்பையே பார்த்துக்கொண்டு குந்தியிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை நிற்கலாகாது. அதோடு இங்கே கிடைப்பது பெரும்பாலும் நன்னீர் மீன். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது திரும்பக் கொடுக்கும்.

அடுத்தது கடலே. கல்குடாவின் நீண்ட மணற்கரை திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறது. அலை உடையும் கோட்டுக்கு அப்பால் எறிந்தால்தான் மீன்; அவ்வளவு தூரம் எறியப் பெரிய கோலும் பாரமான ஈயமும் வேண்டும். அதை எறியும் பலம் பிள்ளைக்கு இல்லாததால் எறிபவர் பெரியவராகிவிடுகிறார், உதவி என்ற பெயரில் வேலை கைமாறிவிடுகிறது. பக்கத்திலிருக்கும் பாசிக்குடா அதற்கு மாறானது. அலை அடங்கிய குடா. நூற்றுக்கணக்கான மீற்றர் நடந்து போனாலும் தண்ணீர் மார்பளவுக்கு வராது என்று பெயர் வாங்கியது. குளிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. தூண்டிலுக்கோ அந்தப் பெருமையே குறை. தெளிந்த, ஆழமில்லாத, ஆட்கள் கால் வைக்கும் மணலில் பகலில் மீன் நிற்காது; நின்றாலும் குளிப்பவர்களின் நடுவே தூண்டில் வீசுவது முறையல்ல. ஆக, பேர்போன இரண்டு கரைகளும் இந்த ஒரு காரியத்துக்கு உதவவில்லை.

மிஞ்சுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தண்ணீர். கிரானுக்கு வடக்கே வாழைச்சேனைக் களப்பு. மீன்பிடித் துறைமுகம் அதற்குள்தான் இருக்கிறது, ஆழ்கடலுக்குப் போகும் வள்ளங்கள் அதன் வாயால்தான் வெளியேறுகின்றன. தெற்கே, 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவில் கடலைத் தொடுகிறது; 1913 இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கும் முகத்துவாரம் அது. இந்த வாய்களுக்குச் சற்று உட்பக்கமாக, ஓட்டம் வேகமான கால்வாயை விட்டு விலகி, மரமும் புல்லும் இல்லாத வெட்டை மணற்கரை கிடைக்கும். தண்ணீர் உப்பு, அலை இல்லை, இரண்டு பாகம் எறிந்தாலே ஆழம் இறங்கிவிடும். பிள்ளையின் எறி அதிகம் போனால் ஐந்தாறு மீற்றர். அந்த ஐந்தாறு மீற்றருக்குள் மீன் வந்துபோகும் கரையைத் தேடிக் கொடுப்பதுதான் பெரியவரின் முதல் வேலை. அதைச் செய்துவிட்டால் எறிந்து கொடுக்க வேண்டிய தேவை தானாகவே இல்லாமல் போகிறது.

களப்பில் பிடித்த மீன் கடல்மீனா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான், பதிலை மீன்களே தருகின்றன. மடவை கடலுக்குப் போய் முட்டையிடுகிறது, குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து களப்பில் வளர்கின்றன. இறாலும் அப்படியே. கொடுவா உப்புக் கூடிய ஆற்றுவாயில் இனம் பெருக்குகிறது, குஞ்சு களப்பிலும் சதுப்பிலும் பெருக்கிறது. கீச்சான் கடலில் பிறந்து களப்பு விளிம்பில் இளமையைக் கழிக்கிறது. ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் இது பெரிய அளவில் நிரூபணமானது. அங்கே கடல்வாய் மணலால் தூர்ந்துபோக ஏரி உப்புக் குறைந்து, மீன்வளம் சரிந்தது. 2000 செப்டெம்பரில் புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் மீன், இறால், நண்டு எல்லாம் பல மடங்கு பெருகின, சூழலியல் இயல்பு மாறிவரும் சதுப்புநிலங்களின் மொன்ட்ரோ பதிவேட்டிலிருந்து 2002 இல் சிலிக்கா நீக்கப்பட்டது. ஏரிக்குள் பிடித்த மீனில் பெரும்பங்கு கடலின் கணக்கிலிருந்து வந்ததென்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரி மீனவர் முகத்துவாரம் தூரும் ஒவ்வொரு முறையும் கலங்குவதும் இதனால்தான். கிரான் பிள்ளை களப்பு வாயில் பிடிப்பது கடல்மீனேதான். கடல் அதைப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது, அவ்வளவே.

கரை தெரிந்த பிறகு காலம். இந்தக் கரையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடையோடு கொட்டுகிறது. அப்போது ஆறுகள் காவிநிற நன்னீரைக் களப்புக்குள் தள்ள, உப்பை நாடும் மீன்கள் வாய்ப்பக்கம் ஒதுங்கிவிடும், கடலும் கொந்தளிக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை நிலைமை தலைகீழ். வாவியின் வாய்களை மணல்மேடு அடைப்பதும் இந்தக் கோடையில்தான். ஆகவே வாய் திறந்திருக்கிறதா என்பதை ஊர் மீனவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வயலைக் காயவைக்கும், ஆளையும் வாட்டும். கிழக்கைப் பார்த்த கரையில் நிற்கும் பிள்ளைக்கோ அது முதுகுக்காற்று. பாரமில்லாத நூலைக்கூட முன்னே கொண்டுபோய்ப் போடும். வெயிலுக்கும் இதே நியாயம்: கிழக்குக் கரையில் காலைச் சூரியன் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கிறது, மாலையில் முதுகுப் பக்கம் இருந்து தண்ணீருக்குள் பார்க்க வெளிச்சம் தருகிறது. நான்கு மணிக்குப் பிறகான இரண்டு மணி நேரம் பிள்ளைக்குக் காணும். வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீற்றரைக்கூட எட்டாது, அதனால் அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒடுங்கிய வாயில் அந்தச் சிறிய ஏற்றமே ஓட்டமாகிறது. கடல் உள்ளே ஏறத் தொடங்கும்போது தெளிந்த உப்புநீரோடு மீனும் ஏறுகிறது. நாட்காட்டியும் காற்றும் வெயிலும் ஏற்றமும் ஒத்துவரும் மாலை ஒன்றைப் பெரியவர் பார்த்து வைத்திருந்தால், பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்காது.

கருவி விஷயத்திலும் இதே தர்க்கம் செல்லும். கோலும் சுழல்சக்கரமும் தூரம் எறிய உதவுபவை. தூரம் தேவையில்லாத கரையில் அவை சிக்கலைத்தான் கூட்டும். ஒரு வெறும் போத்தலில் சுற்றிய மெல்லிய தங்கூசி, நுனியில் சிறு தூண்டில், ஒரு சாண் மேலே கடலையளவு ஈயம், இரைக்கு நகத்தளவு இறால் துண்டு: இவ்வளவும் இந்தக் கரையோரக் கடைகளிலும் வீட்டுக் குசினியிலும் கிடைப்பவை. இது ஏழைக்கான மாற்றுக் கருவி என்று சிலர் நினைக்கலாம். அந்த எண்ணம் ஒன்றை மறக்கிறது: கைநூலில் மீன் கொத்துவது நேரே விரலில் தெரிகிறது. நண்டு இரையைக் கிள்ளுவதும், மீன் உரசிப் போவதும், வாயில் எடுத்து இழுப்பதும் வேறுவேறு என்று பிள்ளை சில நிமிடங்களில் கண்டுகொள்ளும். கோலின் வளைவில் அதைப் படிக்க நாட்கள் ஆகும். தூண்டில் சிறிதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரியவர்கள் தாங்கள் பிடிக்க விரும்பும் மீனுக்குத் தூண்டில் கட்டுவார்கள். பிள்ளைக்கு வேண்டியது அங்கே இருக்கும் மீன். தூண்டிலின் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்தும், நடந்துவிட்டால் பிள்ளையின் விரலிலிருந்தும் அது இலகுவாகக் கழன்றுவிடும். நூலைக் கையில் சுற்றக்கூடாது என்ற ஒரே விதியை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

இப்படி நின்றால் முதலில் வருவது கொடுவாவாகவோ பாரையாகவோ இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் விரல் நீளத்துக்குச் சற்றே கூடிய, முதுகில் கருங்கோடுகள் வளைந்த கீச்சானாக இருக்கும். சந்தையில் அதற்கு மதிப்பில்லை, வளர்ந்தவர்கள் அதை இரைதின்னி என்று ஏசுவார்கள். முதல் மீனாக அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கட்சி. பயமில்லாமல் கொத்தும், கூட்டமாக வரும், தன் அளவுக்கு மீறி இழுக்கும், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் காற்றுப்பையைத் துடிக்கவைத்துக் குரல் எழுப்பும். மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் கேட்கும் ஒலி மீனுடையதா ஊரியுடையதா என்பது இன்னும் முடிவில்லாத வழக்கு. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். மீன் குரல் எழுப்பும் என்பதைக் கிரான் பிள்ளை தன் உள்ளங்கையிலேயே அறிந்துகொள்ளலாம். பெரிய மீனைக் காட்டி ஆசை மூட்டிவிட்டுக் காத்திருக்க வைப்பதைவிட, கேவலமென்று ஒதுக்கிய மீனை அடிக்கடி பிடிக்கவிடுவது பிள்ளைக்கு அதிகம் கற்றுத்தருகிறது.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் எழும். களப்பு குஞ்சுகளின் வளர்ப்பிடம் என்று சொல்லிவிட்டு அங்கேயே பிள்ளையைத் தூண்டில் போடச் சொல்வது முரணில்லையா? கொடுவாவின் விஷயத்தில் இது மேலும் கூர்மையாகிறது. அந்த மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. சின்னதைப் பிடித்தால் எதிர்காலத் தாய் போகிறது, பெரியதைப் பிடித்தால் இருக்கும் தாய் போகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்ரிமீற்றருக்குக் கூடியதையும் வைத்திருக்கக் கூடாதென்று விதித்திருப்பது இதனால்தான். ஆனால் நம் களப்புகளைக் காலியாக்குவது ஒற்றைத் தூண்டில் இல்லை. கண் சிறுத்த வலைகளும், சட்டம் தடுத்த பின்னும் இரவில் இறங்கும் தங்கூசி வலைகளும்தான். ஒற்றைத் தூண்டிலில் வருவது ஒவ்வொன்றாகக் கைக்கு வருகிறது, உயிரோடு வருகிறது, திருப்பி விடலாம். போத்தலில் இரண்டு கோடு கீறி, இதற்குச் சின்னது எல்லாம் திரும்பப் போகும் என்று முதல் நாளே வைத்துவிட்டால், அளவு என்ற எண்ணம் பிள்ளைக்குச் சட்டத்தால் வராமல் பழக்கத்தால் வரும். வலையின் கண்ணைப் பற்றி இருபது ஆண்டு கழித்து முடிவெடுக்கப் போவது இந்தப் பிள்ளைகள்தானே.

கடலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதே ஆபத்து என்பது அடுத்த ஆட்சேபம். இந்தக் கரையில் அதை வெறும் பயமென்று தள்ள முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தின் கரையோரக் குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்கு முன் பல ஆண்டுகள் போர் கடலுக்குப் போகும் நேரத்தையும் தூரத்தையும் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. இன்றைய பெற்றோரில் பலர் கடலைப் பழகவேண்டிய வயதில் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் தண்ணீரைத் தெரியாத பிள்ளைதான் தண்ணீரில் அதிகம் ஆபத்துக்குள்ளாகிறது. எங்கே ஓட்டம் இழுக்கும், எந்த நிறம் ஆழம், எந்த விளிம்பில் முதலை கிடக்கலாம், காற்று திரும்பினால் என்ன ஆகும் என்ற அறிவு பாசிக்குடாவில் மிதவையில் கிடந்து வருவதில்லை. ஒரே இடத்தில் நின்று தண்ணீரை உற்றுப் பார்க்கும் வேலை ஒன்று அதற்கு வேண்டும். தூண்டில் அந்த வேலையைத் தருகிறது. கணுக்காலுக்கு மேல் இறங்காமல், வெட்டைக் கரையில், பெரியவர் ஒரு கை தூரத்தில் நிற்க நடக்கும் இந்தப் பழக்கம், பயத்தை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்குச் சரியான முகவரியைக் கொடுக்கிறது.

தூண்டில் விழுந்தபின் உதவி கூடாதென்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதை ஒத்துக்கொள்வதால் வாதம் பலவீனப்படாது. மீன் கரையேறியதும் அதைத் தொடுவதற்கு முன் பெரியவரின் கண் அதில் பட வேண்டும். கெளுத்தியின் முள்ளும் ஓராவின் முள்ளும் விஷமுள்ளவை. குத்தினால் வளர்ந்த ஆளே துடிப்பார். பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். கீச்சானின் செவுள்மூடியிலும் கூரிய முள் இருக்கிறது. ஆகவே முதல் சில மீன்களைக் கழற்றுவது பெரியவரின் வேலை. எதை எங்கே பிடிப்பது, எதைத் தொடவே கூடாது என்று காட்டியபடி கழற்றினால் அதுவும் விரைவில் கைமாறிவிடும். உயிர்வதை என்ற கேள்விக்கும் இந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். மீன் வலி அறியும் என்பதை மறுத்துப் பேசுவது நேர்மையில்லை. மீன் தின்னும் வீட்டில் அந்த வலி ஏற்கெனவே சந்தை வழியாக நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைக்கு அது தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம். வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்கவிடாமல் உடனே தலையில் தட்டிக் கொன்று, அன்றிரவே தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டு ஒரு சொதி வைத்தால், தட்டிலிருக்கும் மீனின் விலை ரூபாயில் மட்டும் இல்லையென்று பிள்ளைக்குத் தெரியவரும். சைவ வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் தேவையில்லை, அது வேறு கணக்கு.

இத்தனையும் செய்தும் ஒன்றும் கொத்தாத மாலை வரும். அப்போதுதான் பெரியவருக்குக் கை துறுதுறுக்கும். பக்கத்தில் வீச்சுவலை போடுபவரிடம் ஒரு மீன் வாங்கித் தூண்டிலில் மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றும். அந்த உதவியைச் செய்யாமல் விடுவது கடினம், அதைச் செய்யாமல் விட்டே ஆக வேண்டும். மீன் வராததற்குக் காரணம் பிள்ளையின் கையில் இல்லை. கரை, நேரம், ஏற்றம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். அதைப் பிள்ளையோடு சேர்ந்து யோசித்து அடுத்த இடத்தைத் தீர்மானித்தால், முன்பு பெரியவர் தனியே செய்த தெரிவில் பிள்ளைக்கும் பங்கு கிடைக்கிறது. கிரானிலிருந்து வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் பேருந்து ஓடுகிறது. இந்த முறை எங்கே போவது, எப்போது போவது, வாய் திறந்திருக்கிறதா என்று யாரைக் கேட்பது என்பதையெல்லாம் பிள்ளையே சொல்லத் தொடங்கினால் முதல் மீனுக்குச் செய்த உதவி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தில் மட்டும் மீன் இருந்து, இரண்டாவது மீனுக்கும் அதே பெரியவரின் கை தேவைப்பட்டால், உதவி இன்னும் தொடங்கவே இல்லை.